காம்பவுண்டு தாண்டும் இளநாய்: முதலில் அது எங்கே கால் வைக்கிறது என்று பாருங்கள்

எட்டு மாத நாய் காம்பவுண்டைத் தாண்டித் தெருவுக்குப் போய்விட்டது என்றால் வீட்டில் உடனே இரண்டு யோசனை வரும். கட்டிப் போடு என்பது ஒன்று. கொத்தனாரைக் கூப்பிட்டு மேலே இரண்டு வரிசை கல் வை என்பது இன்னொன்று. கட்டிப் போடுவது நாயின் குணத்தைக் கெடுக்கும், சில சமயம் உயிருக்கே உலை வைக்கும். சுவரைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்துவதோ நாய்க்கு நாமே உயரம் தாண்டப் பயிற்சி கொடுப்பதில்தான் போய் முடியும். ஐந்தடியைத் தாண்டிப் பழகியதற்கு ஐந்தரை பெரிய விஷயமில்லை. அதையும் தாண்டிவிட்டால் ஆறு. உயர்த்துவதென்றால் நாய் முயன்று தோற்கும் அளவுக்கு ஒரே தடவையில் உயர்த்த வேண்டும். பல வீடுகளில் அதற்கு அவசியமே வராது.

ஏனென்றால், தாண்டுகிறது என்று நாம் சொல்லும் நாய்களில் பெரும்பாலானவை உண்மையில் ஏறுகின்றன. ஓடிவந்து எம்பி, முன்னங்கால்கள் இரண்டையும் சுவரின் விளிம்பில் கொக்கிபோல மாட்டிக்கொள்ளும். பிறகு பின்னங்கால்களால் சுவரை உதைத்து உடம்பை மேலே தள்ளும். ஒரு நொடி மேலே குந்திவிட்டு அந்தப்பக்கம் இறங்கிவிடும். சுவரைத் தொடாமலே பாயும் நாய்கள் குறைவு. சிப்பிப்பாறை, கன்னி போன்ற வேட்டை நாய்களும், ஒல்லியான நாட்டு நாய்களில் சிலவும் அப்படிச் செய்யும். ஏறும் நாய்க்கும் பாயும் நாய்க்கும் வைத்தியம் வேறு வேறு. அதனால் பணம் செலவழிக்கும் முன் இரண்டு மூன்று நாள் கவனிக்க வேண்டும். சிசிடிவி இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் பழைய செல்போனை ஜன்னலில் சாய்த்து வைத்து வீடியோ ஓடவிட்டு, ஆள் வீட்டுக்குள் மறைந்திருந்தால் போதும். பாயும் கட்டம் வரும்போது வெளியே வந்து கூப்பிட்டுக்கொள்ளலாம்.

வீடியோவில் பார்க்க வேண்டியவை: எங்கிருந்து ஓட்டம் எடுக்கிறது, முன்னங்கால் எந்த இடத்தில் பிடிக்கிறது, பின்னங்கால் எதை உதைக்கிறது, பாய்வதற்குச் சற்று முன் காது எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது. கடைசி விஷயம்தான் ஏன் போகிறது என்பதைக் காட்டிக்கொடுக்கும்.

நாய்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் ஏறும். அந்த இடத்தில் போய் நின்று பார்த்தால் நாமே ஒரு படிக்கட்டு செய்து வைத்திருப்பது தெரியும். துணி துவைக்கிற கல், மோட்டார் ரூமின் தாழ்வான கூரை, ஏசியின் வெளி யூனிட், அடுக்கி வைத்த ஹாலோ பிளாக், கவிழ்த்த தண்ணீர் கேன், சாய்ந்து வளர்ந்த முருங்கை, சுவரை ஒட்டி நிறுத்திய ஸ்கூட்டர். சுவரிலிருந்து குறைந்தது நான்கு அடிக்கு இப்படி எதுவும் இருக்கக் கூடாது. நகர்த்த முடியாததைச் சுற்றி கம்பி வலை அடிக்கலாம், அல்லது அதன் மேல்பரப்பைச் சரிவாக மாற்றலாம். பழைய வீடுகளில் கிணற்றுச் சுவரே முதல் படியாகிவிடும். அந்தக் கிணற்றுக்கு இரும்பு கிரில் மூடி இல்லையென்றால் மற்ற எல்லா வேலைக்கும் முன் அதைச் செய்யுங்கள். சம்ப் மூடியும் அப்படித்தான்.

சென்னைக்கே உரிய இன்னொரு சிக்கல் உண்டு. சாலை போடப் போட மட்டம் ஏறுகிறது. மழைத்தண்ணீர் உள்ளே வராமலிருக்க நாமும் மண்ணடித்து, சிமெண்ட் போட்டு முற்றத்தை உயர்த்திவிடுகிறோம். கட்டும்போது ஐந்தரை அடியாக இருந்த சுவர், மடிப்பாக்கம், வேளச்சேரி போன்ற தாழ்வான பகுதிகளில் இன்று உள்பக்கம் நாலடிகூட இருக்காது. வீட்டுப் பத்திரத்தோடு இருக்கும் வரைபடத்தை நம்பாமல் டேப் எடுத்து இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள். முற்றத்தை உயர்த்தாத வீட்டில் நிலைமை தலைகீழாக இருக்கும். வெளியே மூன்றடி, உள்ளே ஐந்தடி. அங்கே நாய் வெளியே இறங்குவது சுலபம், திரும்பி உள்ளே குதிக்கும்போதுதான் முழு உயரமும் சிமெண்ட் தரையில் இறங்க வேண்டும். இறங்கும் வேகத்தை முன்னங்கால்கள்தான் தாங்குகின்றன. ஒரு வயதுக்குள், பெரிய இனங்களில் ஒன்றரை வயது வரைகூட, எலும்பின் வளர்ச்சிப் பகுதி மூடியிருக்காது. அந்த வயதில் திரும்பத் திரும்ப உயரத்திலிருந்து குதிப்பது முழங்கைக்கும் தோளுக்கும் நல்லதல்ல.

சரி, ஏன் போகிறது? ஆறு மாதத்திலிருந்து ஒன்றரை வயது வரை நாய்க்கு விடலைப் பருவம். உடம்பில் வலு வந்துவிடும், நிதானம் வந்திருக்காது. அந்த வயதில் காலையில் ஒரு தட்டு சோறும் மாலை வரை வெறும் முற்றமும் என்றால் தெரு அதற்கு திருவிழா மாதிரி. பூனை, அணில், பெருச்சாளி, பாட்டுப் போட்டுக்கொண்டு வரும் குப்பை வண்டி, எதிர்வீட்டு நாய் எல்லாம் அந்தப்பக்கம்தான். சில நாய்கள் வெயிலுக்குப் பயந்தே போகின்றன. கத்திரி வெயிலில் பகல் பன்னிரண்டு மணிக்கு முற்றத்தில் ஒரு அடி நிழல்கூட இல்லையென்றால் அது எதிர் வரிசை வேப்ப மரத்தடிக்குப் போகத்தான் பார்க்கும். சுவரைப் பற்றிக் கவலைப்படுமுன் நிழல் எந்த மணிக்கு எங்கே விழுகிறது என்று பார்க்க வேண்டும்.

நீங்கள் வெளியே கிளம்பிய அரை மணிக்குள் மட்டும் போகிறது, கூடவே ஊளையிடுவது, எச்சில் வடிப்பது, கதவைப் பிறாண்டுவது என்றும் இருந்தால் அது சேட்டை அல்ல, தனிமை பயம். அதற்குச் சுவர் வேலை எதுவும் பயன்படாது. சுவர் ஏற முடியாவிட்டால் அந்த நாய் கதவைக் கடிக்கும், பல்லை உடைத்துக்கொள்ளும். கால்நடை மருத்துவரிடம் காட்டித் தனிமைக்குப் படிப்படியாகப் பழக்க வேண்டும். வேப்பேரியில் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, பக்கத்திலேயே நல்ல மருத்துவர் இருந்தாலும் போதும்.

இனி சுவர். ஏறும் நாயைத் தடுக்க இரண்டு இடங்களைக் கெடுக்க வேண்டும்: பின்னங்கால் உதைக்கும் இடம், முன்னங்கால் பிடிக்கும் இடம்.

பின்னங்கால் உதைப்பது தரையிலிருந்து சுமார் இரண்டடிக்கும் நாலடிக்கும் நடுவில். பூசாத செங்கல் சுவரும், சொரசொரப்பான பூச்சும் நகத்துக்கு நல்ல பிடிமானம். அந்தப் பட்டையை மட்டும் வழுவழுப்பாகப் பூசினாலே சில நாய்கள் கைவிட்டுவிடும். வீடு கட்டியபோது மிஞ்சிய பளபளப்பான சுவர் டைல்ஸ் மொட்டைமாடியில் கிடந்தால், ஏறும் இடத்தில் அந்த உயரத்துக்கு ஒட்டிவிடலாம். செலவு குறைவு, மழைக்கும் தாங்கும். உடைந்த துண்டுகளாக ஒட்டாதீர்கள், ஓரத்தில் பாதம் கிழியும்.

முன்னங்கால் பிடியைக் கெடுப்பதற்கு உருளும் குழாய் மிக நல்ல வழி. மதிலின் உள்பக்க விளிம்போடு ஒரு குழாயைச் சுழலும்படி மாட்டினால், கால் வைத்ததும் அது உருண்டு நாயை இந்தப்பக்கமே இறக்கிவிடும். காயம் கிடையாது, வலி கிடையாது, பிடி மட்டும் கிடைக்காது. நம் ஊர் ஹார்ட்வேர் கடைப் பொருட்களாலேயே செய்யலாம். வெளிக்குழாய்க்குக் கழிவுநீர்க் குழாயாக விற்கும் 75 மில்லிமீட்டர் பிவிசி. உள்ளே அச்சாக முக்கால் அங்குல ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப். வெளிக்குழாயை நாலடித் துண்டுகளாக அறுத்துக்கொள்ளுங்கள். நீளமாக விட்டால் வெயிலில் வளைந்து சுழலாமல் நின்றுவிடும். துண்டுக்கும் துண்டுக்கும் நடுவில் ஒரு அங்குலத்துக்கு மேல் இடைவெளி வேண்டாம். தாங்கிக்கு வெல்டரிடம் எல் வடிவ ஆங்கிள் செய்து வாங்கி, துண்டுகள் சேரும் இடத்திலெல்லாம் ஒன்று வரும்படி ஆங்கர் போல்ட்டில் முடுக்க வேண்டும். போல்ட் துளை சுவரின் நடுவில் இருக்கட்டும், விளிம்பில் போட்டால் செங்கல் பிளந்துவிடும்.

இதில் தவறு நடப்பது பெரும்பாலும் இரண்டு இடத்தில். ஒன்று, குழாயைச் சுவரின் நடுவில் மாட்டுவது. அப்போது நாய் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குழாயைச் சும்மா தாண்டிவிடும். குழாய்தான் நாயின் கைக்கு முதலில் எட்ட வேண்டும், அதாவது உள்விளிம்பைவிட ஒரு அங்குலமாவது முற்றத்தின் பக்கம் நீட்டிக்கொண்டு இருக்க வேண்டும். இன்னொன்று, குழாய்க்கும் சுவருக்கும் இடையே கால் நுழையும் அளவுக்குச் சந்து விடுவது. அதில் கால் சிக்கித் தொங்கினால் எலும்பு முறியும். விரல் மட்டும் நுழையும் சந்து போதும்.

சுவர் நாலரை அடிக்குக் கீழே இருந்தால் உருளைக் குழாய் வீண், நாய் அதையும் சேர்த்துப் பாய்ந்துவிடும். அங்கேயும், சுவரைத் தொடாமல் பாயும் நாய்க்கும், உள்பக்கம் சாய்ந்த வலைதான் சரி. ஆங்கிள் கம்பியை 45 டிகிரியில் முற்றத்தின் பக்கம் வளைத்து, ஒன்றரை முதல் இரண்டடி நீளத்துக்கு நீட்டி, ஐந்தடிக்கு ஒன்றாக நட்டு, அதன் மேல் வெல்ட் மெஷ் இழுத்துக் கட்ட வேண்டும். கீழேயிருந்து பார்க்கும் நாய்க்கு தலைக்கு மேல் ஒரு கூரை வருவதுபோல் தெரியும், எங்கே எம்புவது என்று அதனால் கணக்குப் போட முடியாது. நேராக மேலே உயர்த்துவதைவிட இது குறைந்த உயரத்தில் வேலை செய்யும். சாய்வு நம் பக்கமே இருப்பதால் பக்கத்து வீட்டுக்காரரோடு வாக்குவாதமும் வராது. வலையின் கண் ஒரு அங்குலத்துக்குள் இருக்கட்டும். இரண்டு அங்குலக் கண்ணில் நாய் கால் விரலை மாட்டி ஏணிபோல் ஏறிவிடும்.

வலைக்குப் பதில் தகரம் அடிக்கலாமே என்பார்கள். வேண்டாம். நம் ஊர் காம்பவுண்டு சுவர்கள் பல நாலரை அங்குலச் சுவர்கள். அதன் தலையில் காற்று புகாத தகரம் வைத்தால் டிசம்பர் புயலில் பாய்மரமாகிச் சுவரையே சாய்க்கும். 2016 வர்தாவுக்குப் பிறகு இதை விளக்க வேண்டியதில்லை. சுவரில் விரிசலோ சாய்வோ இருந்தால் அதன் மேல் எதையும் ஏற்றாமல், உள்ளே தனியாகக் குழி தோண்டி இரும்புக் கம்பம் நட்டு வலை கட்டுவதே பத்திரம். திருவான்மியூர், கொட்டிவாக்கம், நீலாங்கரைப் பக்கம் இருப்பவர்கள் உப்புக்காற்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும். சாதா ஜிஐ சீக்கிரமே துருப்பிடித்து உருளை இறுகிவிடும். அச்சுக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போட்டால் ஒரு முறை செலவோடு போகும்.

சுவரின் மேல் கண்ணாடிச் சில்லு பதித்திருந்தால் முதலில் உடைத்து எடுத்துவிடுங்கள். முள்கம்பியும் அப்படியே. பயத்திலோ ஆசையிலோ பாயும் நாய் அதைப் பார்த்து நிற்காது. பாதமும் அடிவயிறும் கிழிந்த பிறகும் போய்க்கொண்டே இருக்கும். கேட்டின் மேல் அழகுக்கு வைக்கும் ஈட்டி முனைகள் இன்னும் மோசம், வயிற்றில் குத்தி நாய் தொங்கிய கொடுமைகள் நடக்கின்றன. வெல்டரைக் கூப்பிட்டு முனையை அறுத்துத் தட்டையாக்கலாம், அல்லது நீளவாக்கில் கீறிய பிவிசி குழாயை முனைகளின் மேல் கவிழ்த்து இறுக்கிக் கட்டலாம். மின்சார வேலி, ஷாக் பட்டை இரண்டும் நாய் வளர்ப்பில் சேர்த்தி இல்லை.

கேட்டைப் பற்றி: குறுக்குப் பட்டைகள் உள்ள கேட் நாய்க்கு ஏணி. உள்பக்கம் பாலிகார்பனேட் ஷீட் அடித்தால் ஏறும் படியும் போகும், தெருவின் காட்சியும் மறையும். காட்சி மறைவது பல நாய்களுக்குப் பாதி வைத்தியம். தண்ணி கேன் போடும் தம்பியும் வீட்டு வேலைக்கு வரும் அக்காவும் கேட்டைத் திறக்கும் நொடிக்காகக் காத்திருக்கும் நாய் என்றால், கேட்டிலிருந்து நாலடி உள்ளே இன்னொரு சின்ன கேட் வைத்து, தானாக மூடும் ஸ்பிரிங் போடுங்கள். தாழ்ப்பாள் நாயின் மூக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும்.

சுவரை ஒட்டி ஓட்டம் எடுக்க இடமில்லாமல் செய்வதும் உதவும். சுவரிலிருந்து நாலடி தள்ளி இரண்டடி உயரத்துக்கு அடர்த்தியாக இட்லிப்பூ வரிசை வைத்தால் பாயும் கணக்கு கலைந்துவிடும். சுவரோடு ஒட்டி வைத்தால் தொட்டியே படியாகும், கவனம். அரளி மட்டும் வேண்டாம். சென்னையில் வீட்டுக்கு வீடு நிற்கிற செடிதான், ஆனால் இலை, பூ, தண்டு எல்லாமே நாயின் இதயத்தைத் தாக்கும் விஷம். இளநாய் கண்டதையும் கடிக்கும்.

இவ்வளவு வேலைகளும் முடிய ஒரு வாரமோ பத்து நாளோ ஆகும். அதுவரை நாயைத் தனியாக முற்றத்தில் விடவே கூடாது. பத்தில் ஒரு தடவை வெற்றி கிடைத்தாலும் மீதி ஒன்பது தடவை முயலும் ஆர்வம் அதற்குக் குறையாது. அதனால் இந்த நாட்களில் ஒரு தடவைகூடப் போக விடாமல் பார்த்துக்கொள்வதுதான் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம். வெளியே விடும்போதெல்லாம் உடல் பெல்ட் போட்டு, பதினைந்து இருபது அடி பருத்திக் கயிற்றோடு ஆள் கூடவே போக வேண்டும்.

சுவருக்குப் பக்கத்தில் சங்கிலியில் கட்டிவிட்டு உள்ளே போவது எந்தக் காரணத்துக்காகவும் கூடாது. நாய் பாயும், சங்கிலி பாதியில் நிற்கும், அந்தப்பக்கம் கழுத்தில் தொங்கிவிடும். கட்டித்தான் ஆக வேண்டிய சில நிமிடங்களுக்கு, சங்கிலி முழுதாக நீண்டாலும் சுவரையோ ஸ்டூலையோ எட்டாத இடமாகப் பாருங்கள், கழுத்துப் பட்டையில் அல்லாமல் உடல் பெல்ட்டில் மாட்டுங்கள். நாள் முழுக்கக் குட்டைச் சங்கிலியில் கட்டிவைப்பது 1960 மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவின்படி குற்றமும்கூட.

பயிற்சி அந்தக் கயிற்றோடுதான் தொடங்கும். சுவரிலிருந்து பத்தடி தள்ளி நில்லுங்கள். வெளியே சத்தம் கேட்டு நாய் சுவரைப் பார்க்கும். ஒன்றும் சொல்லாமல் இருங்கள். அது திரும்பி உங்களைப் பார்த்த நொடியில் ‘சபாஷ்’ என்று சொல்லி, உப்பில்லாமல் வேகவைத்த கோழித் துண்டு ஒன்று கொடுங்கள். பட்டாணி அளவு போதும். திரும்பவே இல்லையென்றால் நிற்கும் இடம் சுவருக்கு மிக அருகில் என்று அர்த்தம், இன்னும் ஐந்தடி பின்னால் வாருங்கள். ஐந்து நிமிடம் வீதம் காலையும் மாலையும் செய்தால், சத்தம் கேட்டதும் சுவருக்கு ஓடுவதற்குப் பதில் உங்களிடம் ஓடிவரும் பழக்கம் மெல்ல வரும். குப்பை வண்டி வரும் நேரம் தெரிந்தால் அதையே பாட நேரமாக வைத்துக்கொள்ளலாம். ‘வா’ என்ற சொல்லைக் குளிப்பாட்டுவதற்கும் நகம் வெட்டுவதற்கும் பயன்படுத்தாதீர்கள்.

நடை விஷயத்தில் தூரத்தைவிட மோப்பம் முக்கியம். நாற்பது நிமிடம் இழுத்துக்கொண்டு போவதைவிட இருபது நிமிடம் ஒவ்வொரு கம்பமாக நின்று மோந்து பார்க்க விட்டால் நாய் களைத்துத் தூங்கும். கோடையில் காலை ஆறரைக்குள் முடித்துவிடுங்கள். மாலையில் புறங்கையைத் தார்ச்சாலையில் ஏழு நொடி வைத்துத் தாங்க முடிந்தால் மட்டும் கிளம்புங்கள். சாப்பாட்டில் பாதியைத் தட்டில் வைக்காமல் புல்லிலோ பழைய துண்டுச் சுருட்டலிலோ இறைத்துத் தேட விடுங்கள். தோண்டும் ஆசை உள்ள நாய்க்கு முற்றத்தின் மூலையில் நான்குக்கு நான்கடி மணல் குழி ஒன்று ஒதுக்கினால் சுவரடியை விட்டுவிடும்.

கருத்தடை செய்யாத ஆண் நாய் பருவத்துக்கு வந்த பெண் நாயின் வாசனைக்காகச் சுவர் ஏறுகிறது என்றால், கருத்தடையால் அந்த அலைச்சல் நன்றாகவே குறையும். சலிப்பினால் ஏறும் நாய்க்கு அதனால் பெரிய மாற்றம் வராது. எந்த வயதில் செய்யலாம் என்பது இனத்தையும் எடையையும் பொறுத்தது, மருத்துவர் சொல்வார். பெண் நாய் பருவத்தில் இருக்கும் சுமார் மூன்று வாரமும் முற்றத்தில் தனியாக விடாதீர்கள். அது போகாவிட்டாலும் தெரு நாய்கள் உள்ளே வரும், வெளிச்சுவர் குட்டையான வீடுகளில் நிச்சயம் வரும்.

எந்தச் சுவரும் நாயைத் தடுத்து நிறுத்தாத நாள் ஒன்று உண்டு. தீபாவளிக்கு அரசு அனுமதித்துவரும் நேரம் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்றாலும் வெடி அந்த நேரத்தோடு நிற்பதில்லை. முந்தைய வாரத்திலிருந்தே நாய் இரவில் வீட்டுக்குள் இருக்கட்டும். ஜன்னல் சாத்தி, மின்விசிறியும் டிவியும் ஓடட்டும். பயம் அதிகமுள்ள நாய்க்கு மாத்திரை பற்றி மருத்துவரிடம் இரண்டு வாரம் முன்பே பேச வேண்டும், அன்று காலையில் போய்க் கேட்டால் பயன் இல்லை. காலண்டரில் இல்லாத வெடிகளும் சென்னையில் அதிகம். சாவு ஊர்வலம், கட்சி வெற்றி, கிரிக்கெட் வெற்றி. தெருமுனையில் பறையும் வெடியும் கேட்ட உடனே நாயை உள்ளே கூப்பிட்டுக்கொள்வதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்.

எல்லாம் செய்தும் ஒருநாள் போய்விட்டால் பின்னால் துரத்தாதீர்கள். துரத்தினால் அது விளையாட்டு என்று நினைத்து இன்னும் வேகமாக ஓடும். எதிர்ப்பக்கம் ஓடி, தின்பண்ட டப்பாவைக் குலுக்கி, சந்தோஷக் குரலில் கூப்பிடுங்கள். அப்படியும் வராவிட்டால் தரையில் உட்கார்ந்துவிடுங்கள், பெரும்பாலும் பக்கத்தில் வந்து பார்க்கும். திரும்பி வந்த நாயை அடிப்பதோ திட்டுவதோ, திரும்பி வராதே என்று அதற்குக் கற்றுக்கொடுப்பதாகும். உள்ளே கொண்டுவந்ததும் காது, கழுத்து, கால் இடுக்கு எல்லாம் முடியை விலக்கிப் பாருங்கள். தெரு நாய் கடித்த காயம் சின்னதாக இருந்தாலும் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே மருத்துவரிடம் போக வேண்டும், தடுப்பூசி போட்ட நாயாக இருந்தாலும். கழுவும்போது கையுறை அவசியம். கழுத்துப் பட்டையில் செல்போன் எண் பொறித்த வில்லை, மாநகராட்சி உரிமம், மைக்ரோசிப் மூன்றும் இருந்தால் வேறு தெருவில் பிடிபட்ட நாயும் வீடு வந்து சேரும். சிப் போட்ட பிறகு செல்போன் எண் மாற்றினால் பதிவிலும் மாற்ற மறக்காதீர்கள்.

வேலை முடிந்ததா என்று பார்க்க, முதலில் ஐந்து நிமிடம் மட்டும் தனியாக விட்டு ஜன்னலிலிருந்து கவனியுங்கள். சுவரடிக்கே போகாமல் இருந்தால் மறுநாள் பத்து, பிறகு இருபது. நடுவில் ஒருமுறை எம்பிப் பார்த்துத் தோற்றால் பரவாயில்லை. ஒருமுறை விளிம்பில் கால் பிடித்துவிட்டால் அந்த இடத்தை அன்றே சரிசெய்துவிட்டு மறுபடி ஐந்து நிமிடத்திலிருந்து தொடங்குங்கள். மாதம் ஒருமுறை எல்லா உருளைகளையும் கையால் சுழற்றிப் பாருங்கள். மழைக்காலத்துக்கு முன் போல்ட்டுகளை முடுக்கி, வெயிலில் வெளுத்து நொறுங்கத் தொடங்கிய பிவிசி துண்டுகளை மாற்றிவிடுங்கள். பக்கத்து மனையில் கட்டட வேலை தொடங்கி மணலும் ஜல்லியும் உங்கள் சுவரோரம் கொட்டினார்கள் என்றால் மேஸ்திரியிடம் சொல்லி அன்றைக்கே நாலடி தள்ளிப் போடச் சொல்லுங்கள்.